மாதிரிக்கு ஒரு காது

அன்பு மகளுக்கு, உன் சவுண்டு சித்தப்பா எழுதிக்கொள்வது. நானும் சித்தியும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், என் காது நீங்கலாக. பதறாதே, அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய், கடைசி வரைக்கும் படித்தால் புரியும்.

உன் பல்கலைக்கழக இசை விழாவில் ஸ்பீக்கர் பக்கம் நிற்கிறவர்களின் காது என்ன ஆகிறது என்று நீ ஆராய்ச்சி செய்வதும், அதற்கு என்னையும் ஒரு மாதிரியாக எடுத்துக்கொள்ளப் போவதும் இந்தத் தெருவுக்கே தெரியும், ஏனென்றால் சொன்னவன் நான். காலமெல்லாம் மைக் செட் போட்டவன், நான் ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தால் அடுத்த ஊர்க்காரன் எழுந்து உட்காருவான், அப்படிப்பட்ட ஆளைத்தானே நாலு பேருக்கு மாதிரியாகக் காட்டுவார்கள் என்று எதிர்க்கடைத் தையற்காரரிடம் சொன்னேன். பல்கலைக்கழக வாசலில் என் படத்தை மாட்டப் போகிறார்கள் என்றும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லிவிட்டேன், அதை நீ பெரிதுபடுத்தாதே. அவர் உடனே, அப்போ சட்டை நல்லதா இருக்கணும் சவுண்டு, படத்துல காலர்தான் முதல்ல தெரியும் என்று அளவு நாடாவோடு வந்துவிட்டார். அவர் இருக்கும்போதே நீ சொன்ன காதுப் பரீட்சையை முடித்துவிடலாம் என்று ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, நீ அனுப்பிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தேன். சத்தம் கேட்கும்போதெல்லாம் செல்போனைத் தொட வேண்டும், அவ்வளவுதானே. தடித்த சத்தம் வரும்போது நான் தொட்ட வேகத்தைப் பார்த்துத் தையற்காரர் அசந்துபோனார். அப்புறம் ஒன்றும் வரவில்லை. காத்திருந்து பார்த்தேன், வரவே இல்லை. ஹெட்போன் பழுது என்று சொல்லிவிட்டேன். உன் பேராசிரியர்கள் படித்தவர்கள், வயர் சமாசாரம் அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்று சொல்லி, அதைப் பிரித்து, உள்ளே நன்றாக இருந்த இணைப்புக்கெல்லாம் புதிதாக ஈயம் வைத்துப் பூட்டினேன். அப்போதும் சத்தம் இல்லை. தூக்கிப் போடு இந்தச் சனியனை என்று சித்தியிடம் நீட்டினேன்.

சித்தி சும்மா காதில் வைத்துப் பார்த்தவள் சட்டென்று பிடுங்கிவிட்டாள். என்னங்க இது, ஊசியால குத்துற மாதிரி கீச்சுன்னு கத்துது, உங்களுக்குக் கேக்கலையா என்றாள். தையற்காரரும் வைத்துப் பார்த்துவிட்டு, காதுக்குள்ள கொசு குடித்தனம் வந்த மாதிரி இருக்கு சவுண்டு என்றார். ரெண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து என்னைக் கிண்டல் பண்ணுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். திரும்ப வாங்கி மாட்டினேன். ஒன்றும் இல்லை அம்மா. மூடின பெட்டிக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. அதைவிடப் பெரிய இடி அப்புறம்தான் விழுந்தது. கொஞ்ச காலமாக உன் சித்தியின் குரல் தணிந்துவிட்டது, ஒருவழியாக என்மேல் மரியாதை வந்துவிட்டது என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்தேன் இல்லையா. அவள் சொல்கிறாள், நான் எப்பவும் கத்துற மாதிரிதான் கத்திக்கிட்டிருக்கேன், நீங்கதான் சிரிச்சிக்கிட்டே போறீங்க என்று. இத்தனை நாள் என்னவெல்லாம் திட்டினாளோ, அத்தனைக்கும் தலையாட்டியிருக்கிறேன். மாதிரி என்றால் என்ன என்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. தையற்காரர் பையிலிருந்து ஒரு துணித் துண்டை எடுத்து, மாதிரின்னா இதுதான் சவுண்டு, மொத்தத் துணி எப்படின்னு காட்ட ஓரமா ஒரு துண்டு வெட்டுறது, உங்க காதைத்தான் வெட்டியிருக்காங்க என்றார்.

இனிமேல் எழுதுவதை நிதானமாகப் படி. போன வாரம் போனில் நீ ஏதோ கேட்டாய், சின்ன வயதிலிருந்தே உனக்கு மெல்லிய குரல், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கேட்கவில்லை என்று சவுண்டு சித்தப்பா சொன்னால் கௌரவம் என்ன ஆவது, அதனால் தாராளமா செய் கண்ணு என்று சொல்லிவைத்தேன். நீ கேட்டது என்னவென்று அப்போது பக்கத்தில் இருந்து கேட்ட சித்தி நேற்றுதான் சொன்னாள். விழா முடிகிற வரைக்கும் காதில் ஒன்றும் வைக்காமல் ஸ்பீக்கர் முன்னாலேயே நின்று, என் காதையும் கணக்கில் எடுத்துக்கவா, உங்களுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே சித்தப்பா என்று கேட்டாயாம். அதற்கா நான் தாராளமாக என்றேன். அன்றைக்கே தடுத்திருக்கக் கூடாதா என்று சித்தியைக் கேட்டால், சத்த விஷயம் உங்களுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டாளாம். நேற்று அவள் போன் போட்டு வேண்டாம் என்றதற்கு, சித்தப்பாவே சரின்னுட்டாரு என்று நீ வாயை அடைத்துவிட்டாய். அதனால்தான் சம்மதம் கொடுத்தவன் கைப்படவே எழுதுகிறேன். அந்தச் சம்மதம் செல்லாது. கேட்காத காது கொடுத்த சம்மதம் அது. காதில் பஞ்சு வைக்கிறவனைக் கோழை என்று சிரித்தவன் நான், இன்று சொல்கிறேன், நல்ல காதடைப்பான் வாங்கிப் போட்டுக்கொள், ஸ்பீக்கருக்குப் பின்பக்கமாகத் தள்ளி நில், கூட வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் சொல். நான் காது டாக்டரிடம் போக ஒப்புக்கொண்டுவிட்டேன், சித்தி என்னைவிட முன்னால் கிளம்பி நிற்கிறாள்.

உன் படிப்பும் ஆராய்ச்சியும் அமோகமாக முடிந்து, நீ ஊர் மெச்ச வாழ வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம். காதடைப்பான் வாங்கியாயிற்று என்று எழுத்தில் பதில் போடு, போனில் சொன்னால் நான் எதற்கும் ஆமாம் போட்டுவிடுவேன். என் காதை உன் ஆராய்ச்சிக்கு எப்படி வேண்டுமானாலும் வெட்டிக்கொள், மனப்பூர்வமாகத் தருகிறேன். ஆனால் ஒரு துணிக்கு ஒரு துண்டு போதும், அது நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன். நீ என்னை மாதிரி ஆக வேண்டாம்.

இப்படிக்கு,
பெற்றவர்கள் இல்லாத குறை தெரியாமல் உன்னை வளர்த்த,
சவுண்டு சித்தப்பா