குளிர்வாயனை மூன்று பக்கத்தில் முடித்துவிட்டாய்

ஓசூர்
16.11.2025

அன்பு மகள் லிபியாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் தம்பி வெஸ்லினும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், பெல்ஜியம் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் முழங்காலில் நின்று கேட்கிறேன். சுகம் விசாரித்தாயிற்று. இனி எழுதுவதெல்லாம் கோபத்தில் எழுதுவது, அதனால் சாப்பிட்டுவிட்டுப் படி. போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய். காகிதம் என்றால் நான் முடிக்கிறவரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். வெஸ்லின் இதைப் போட்டோ எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்கு இந்த மாதம் பகல் ஷிப்ட், ஜூஜுவாடியில் லாரிகள் அடைத்துக்கொண்டு நிற்பதால் வீடு வந்து சேர ஏழு மணி ஆகிறது, மற்றபடி நன்றாக இருக்கிறான்.

உன் ஏழாவது புத்தகம் சென்னைப் பதிப்பகத்திலிருந்து போன மாதம் பார்சலில் வந்தது. ஐந்து வருஷமாக நீ வரைந்து எழுதுகிற படக்கதை, அதில் கதாநாயகி சுடர்விழி என்ன ஆவாள் என்பதைவிட அந்தக் குளிர்வாயன் என்ன ஆவான் என்றுதான் இந்தத் தெருவே காத்திருந்தது. எப்பேர்ப்பட்டவனை வரைந்தாய்! கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை, ஒரு சத்தம் போட மாட்டான். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுவான், பேசப் பேச எதிரில் இருப்பவர்களுக்குத் தங்கள் கண்ணால் பார்த்ததே மறந்து போகும். நாலாவது புத்தகத்தில் ஒரு ஊரையே அங்கே ஆறு ஓடியது நினைவில்லாதபடி செய்தான். ஐந்தாவதில் சுடர்விழி பெற்ற தாயின் முகத்தை மறந்து நின்றாளே, அதைப் படித்துவிட்டு நான் அடுப்பில் பாலைப் பொங்கவிட்டேன். அப்படிப்பட்டவனை இந்தப் புத்தகத்தில் என்ன செய்தாய்? சுடர்விழி ஒரு கண்ணாடியை எடுத்து நீட்டுகிறாள், அவன் தன் முகத்தைப் பார்க்கிறான், தூளாகிக் கொட்டிப் போகிறான். எண்ணிப் பார்த்தேன், மூன்று பக்கம். அதில் ஒரு பக்கம் முழுக்க வெறும் புகை. ஆறு புத்தகமாக அந்த ஊரில் ஒருத்தர் வீட்டிலும் கண்ணாடி இல்லையா? எல்லோரும் தலை சீவாமலா இருந்தார்கள்? பக்கத்து வீட்டுப் பொற்கொடி உன் புத்தகத்தைச் செல்போன் கம்பெனி பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போவாள், நாற்பது பெண்கள் கைமாற்றிப் படிப்பார்கள் என்று உனக்குத் தெரியும். இந்தத் தடவை திருப்பிக் கொடுக்க வந்தபோது அவள் முகமே சரியில்லை. "என்னக்கா, லிபியா அவனை இப்படிச் சப்புன்னு முடிச்சிருச்சு? எங்க லைன் லீடரையே மூணு பக்கத்துல முடிக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உன்னிடம் கேட்டதற்கு நீ சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. அவனை வரைந்து வரைந்து அலுத்துவிட்டதாம், சீக்கிரம் முடித்துவிட்டு வேறு கதைக்குப் போக வேண்டுமாம், கதைதானேம்மா என்கிறாய். கதையா லிபியா? அவன் யார் என்று ஊருக்குத் தெரியாது, எனக்கும் உனக்கும் தெரியாதா? கன்னத்தை விரலால் தடவிக்கொண்டு பேசுகிற அந்த விஜயகுமாரை அப்படியே வரைந்து வைத்துவிட்டுக் கதை என்கிறாய். அவன் என்ன செய்தான் என்று உனக்குப் பாதிதான் தெரியும், பதினொரு வயதுப் பிள்ளையிடம் எதைச் சொல்வது என்று நாங்களும் பாதியை மறைத்தோம். இப்போது உனக்கு இருபத்தெட்டு ஆகிறது, முழுதாகக் கேட்டுக்கொள்.

அப்பாவின் வலது கை பிரஸ் மெஷினில் போனது 2008-இல். மெஷினுக்கு முன்னால் கை உள்ளே போகாதபடி ஒரு இரும்புத் தடுப்பு இருக்க வேண்டும், கார்டு என்பார்கள். அது இருந்தால் வேலை மெதுவாக நடக்கிறது என்று மேலே இருந்து சொல்லி, மெயின்டனன்ஸ்காரர்கள் வந்து கழற்றிப் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். கை போன பிறகு, கார்டைக் கழற்றியது உன் அப்பா சகாயநாதன்தான் என்று எழுதினார்கள். அதை எழுதி முடித்தது கம்பெனியில் ஆட்கள் விஷயம் பார்க்கிற பர்சனல் ஆபீசர் விஜயகுமார். யாரையும் மிரட்டவில்லை, யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. சாட்சி சொல்ல இருந்த ஏழு பேரையும் தனித்தனியாக அறைக்குக் கூப்பிட்டு டீயும் பிஸ்கட்டும் வைத்து, பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு, நீயே கண்ணால் பார்த்தாயா, இல்லை யாராவது சொல்லிக் கேட்டதா, அவசரமில்லை, நன்றாக யோசித்துச் சொல் என்று கேட்பானாம். அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டு அதையே கேட்பானாம், அதற்கடுத்த வாரமும். அப்பாவோடு ஒரே தட்டில் சாப்பிட்ட மாரிசாமி ஆஸ்பத்திரி வாசலில் என் முன்னால் நின்று, "அக்கா, பொய் சொல்லணும்னு இல்லக்கா, எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு" என்று அழுதான். அவன் நடிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஏழு பேரும் பார்க்கவில்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். கவனக்குறைவு என்று அப்பாவை வேலையிலிருந்து அனுப்பினார்கள்.

கேஸ் ஒன்பது வருஷம் நடந்தது உனக்குத் தெரியும். எப்படி ஜெயித்தோம் என்று தெரியாது. அந்த ஏழு பேரில் ஒருத்தி மாதேஸ்வரி, பேக்கிங்கில் இருந்தவள், வேலையை விட்டுவிட்டு அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம் தன் ஊருக்கே போய் மாடு வைத்துக்கொண்டிருந்தாள். தேன்கனிக்கோட்டையில் ஜெபக்கூட்டம் என்று சொல்லிவிட்டு நான் மாதம் ஒருமுறை கிளம்பிப் போவேனே, அது ஜெபக்கூட்டம் இல்லை. உன்னிடமும் அப்பாவிடமும் சொன்ன பொய்யைக் கர்த்தர் மன்னித்திருப்பார் என்று நம்புகிறேன். பஸ் இறங்கி நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும், திரும்பி வர அந்த ஒரே பஸ்தான். முதல் தடவை கதவைத் திறக்கவே இல்லை. இரண்டாம் தடவை தண்ணீர் கொடுத்துவிட்டு, எனக்கு ஒன்றும் நினைவில்லை அக்கா என்று உள்ளே போய்விட்டாள். நான் சாட்சியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டேன். போவேன், அவள் மாட்டுக்குத் தீவனம் போடும்போது கூட நிற்பேன், களி கிண்டிப் போட்டால் சாப்பிட்டுவிட்டு வருவேன். பதினோராவது தடவையோ பன்னிரண்டாவது தடவையோ, சாணி அள்ளிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, கழற்றிய அந்தக் கார்டை என் மேஜைக்கு அடியில்தானே அக்கா தள்ளி வைத்தார்கள் என்றாள். சாட்சி சொல்லவும் ஒத்துக்கொண்டாள். கோர்ட்டில் அவர்கள் வக்கீல் அவளையும் அதே மாதிரிதான் கேட்டார், நீ பார்த்தாயா, நிச்சயமாகத் தெரியுமா என்று. விஜயகுமார் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஜட்ஜிடம் சொன்னாள், "அது மேல தெனம் கால இடிச்சுக்குவேங்க. பெருவிரல் நகம் பேந்து ரத்தம் வந்துச்சுங்க. நான் மறந்தாலும் அந்த நகம் இன்னும் நேரா மொளைக்கலீங்க." செருப்பைக் கழற்றிக் காட்டினாள்.

அதற்கப்புறம்தான் தொழிலாளியின் தவறு அல்ல என்று தீர்ப்பு வந்தது, அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். சரி, அவன் என்ன ஆனான்? தூளாகிப் போனானா? கோர்ட் வராந்தாவில் மாதேஸ்வரியிடம் வந்து நன்றாகப் பேசினாயம்மா என்று சிரித்தான். அடுத்த வருஷம் அவனுக்குப் பிரமோஷன். இப்போது ரிட்டயர்டு ஆகி, ரிங் ரோடு பக்கம் வீடு கட்டிக்கொண்டு, காலையில் வாக்கிங் போகிறான்.

இதுவரை உனக்குத் தெரியாமல் வைத்திருந்த இன்னொன்றையும் சொல்கிறேன், என் கோபம் அங்கேதான் இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் அப்பா உழவர் சந்தைக்குப் போனவர் கையில் வெறும் பையோடு திரும்பி வந்தார். இரண்டு நாள் சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். மூன்றாம் நாள் நான் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்து, "கிருபா, ஒருவேள அந்தக் கார்டை நான்தான் கழட்டி இருப்பேனோ?" என்று கேட்டார். சந்தையில் விஜயகுமார் அவரைப் பார்த்திருக்கிறான். தோளில் கை வைத்து, சகாயம், கை எப்படி இருக்கிறது, அன்றைக்கு மட்டும் நீ அதைக் கழற்றாமல் இருந்திருந்தால் என்று வருத்தமாகச் சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான். கோர்ட் தீர்ப்பு பீரோவில் இருக்கிறது, மாதேஸ்வரி சொன்னது இருக்கிறது, பதினேழு வருஷம் ஆகிவிட்டது, அவன் ஒரு நிமிஷம் பேசியதும் உன் அப்பாவுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நான் தீர்ப்பை எடுத்து வந்து படித்துக் காட்டினேன். தலையை ஆட்டினாரே தவிர கண் எங்கேயோ இருந்தது.

அதற்கடுத்த வாரம்தான் உன் பார்சல் வந்தது. அவரே இடது கையால் பிரித்தார். முதல் பக்கத்திலிருந்து படிக்காமல் கடைசிக்குப் போனார். அவன் எப்படி விழுகிறான் என்று பார்க்க எத்தனை ஆசையாகத் தேடினார் தெரியுமா? பார்த்துவிட்டு, "கண்ணாடியா" என்று ஒரு வார்த்தை சொல்லிப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். உன்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை, அவர் சொல்லவும் மாட்டார். அதனால்தான் நான் சொல்கிறேன். உன் குளிர்வாயனை நீ அவ்வளவு லேசாக விழவைத்தால், அவனிடம் தோற்றவர்கள் எல்லாம் முட்டாள்கள் என்று ஆகிவிடாதா? மாரிசாமி முட்டாளா? உன் அப்பா முட்டாளா? ஒரு கண்ணாடியை எடுக்கத் தெரியாமலா நாங்கள் ஒன்பது வருஷம் அலைந்தோம்? நீ பார்த்துப் பயந்தவனைச் சீக்கிரம் புதைத்துவிட வேண்டும் என்று உனக்குத் தோன்றியிருக்கும், அது எனக்குப் புரியாமல் இல்லை. பிள்ளையாக இருந்தபோது அவன் நம் வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வந்த அன்றைக்கு நீ அலமாரிக்குப் பின்னால் நின்றிருந்தாய். ஆனாலும் கோபம் போகவில்லை.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை காலை அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, நீயும் வா என்றார். சந்தைக்குப் போனோம், அவன் வரவில்லை. அடுத்த சனியும் வரவில்லை. நேற்று வந்தான், தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தான். அப்பா நேராகப் போய் நின்றார்.  "சார், அந்தக் கார்டு மூணு வாரமா மெஷின்ல இல்ல. நான் கழட்டல" என்றார். அவன் தக்காளியைக் கீழே கூட வைக்கவில்லை. பழைய விஷயம் சகாயம், எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லையே என்று அதே குரலில் சொன்னான். இங்கேதான் எப்போதும் எல்லோரும் விழுவார்கள். அப்பா, "எனக்கு இருக்குங்க சார்" என்றார். அவன் சந்தோஷம் என்று சொல்லிவிட்டு அடுத்த தக்காளியைப் பார்க்கத் திரும்பிவிட்டான். முகம் மாறவில்லை, ஒன்றும் ஆகவில்லை அவனுக்கு. ஆனால் அப்பா சந்தையை விட்டு வெளியே வரும்போது, வா, டீ குடித்துவிட்டுப் போகலாம் என்றார். மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு நாலு மணிவரை தூங்கினார். இப்படி வரைவதற்கு உனக்கு எத்தனை பக்கம் வேண்டுமோ எனக்குத் தெரியாது, நான் படிப்பாளி இல்லை. புத்தகம் அச்சாகிவிட்டது, திரும்ப வாங்க முடியாது. ஆனால் அடுத்த கதை எழுத உட்காரும்போது அலுப்பில் எழுதாதே, அலுப்பாக இருந்தால் எழுந்து போய்த் துணி துவை.

திட்டிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. காதை மூடிக்கொண்டு வெளியே போ, தினமும் ரொட்டியே தின்னாமல் ஒரு வேளையாவது சோறு பொங்கு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விடாதே. கர்த்தர் உன் கையையும் கண்ணையும் காத்து, உன் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஒன்று மட்டும் மறக்காதே. வருகிற ஞாயிறு இங்கே மதியம் மூன்று மணிக்கு அப்பாவுக்குப் போன் பண்ணு. என்ன நடந்தது என்று நீயே கேள், அவர் சொல்லும்போது குறுக்கே பேசாதே, நேரமாகிறது என்று வைத்துவிடாதே. மெஷின் முன்னால் அன்றைக்கு நின்றதிலிருந்து ஆரம்பித்து முழுவதையும் அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமும் இல்லை. இன்று காலை சர்ச்சிலிருந்து வரும்போது, லிபியாவிடம் சொல்ல வேண்டும் என்றார்.

உன் மேல் கோபம் தீராத, உன்னை நினைக்காத நாளில்லாத
அம்மா
கிருபாராணி சகாயநாதன்