இடது மூலையிலிருந்து ஒரு ‘ஆச்சு’

மச்சான்,

இன்று காலை பல்லேகல ஸ்டோரில், கண்ணாடி ஒட்டுகிற புதுச் சிலிக்கன் குழாய் ஒன்றின் மூக்கை வெட்டினேன். அந்தப் புளித்த வினாகிரி வாடை குப்பென்று அடித்தது. இந்த வாடை வந்தாலே நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அச்சாறுப் போத்தல் தொறந்த மாதிரி ஈக்கு, பசிக்குது மச்சான்” என்பாய். வேலையைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போக உனக்கு ஒரு சாட்டு வேண்டும், அவ்வளவுதான். நீ போய் ஒரு மழைக்காலமே கழிந்துவிட்டது. ஆனாலும் குழாயை வெட்டிய கையோடு, நீ பின்னால் நிற்கிறாய் என்று திரும்பப் போனேன். திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்று உன்னிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கண்ணாடி சாய்த்து வைக்கும் மடக்கு ராக்கையை நீ முதன்முதலாகக் கொண்டுவந்த நாளில் நான் உன்னை என்ன ஏச்சு ஏசினேன்! அதுவரை லொறியோடு சேர்த்துப் பற்றவைத்த இரும்புச் சட்டத்தில்தான் கண்ணாடி ஏற்றினோம். கண்ணாடியை இறக்கிய பிறகும் அது லொறியை முழுதாக அடைத்துக்கொண்டு சும்மா திரும்பி வரும். மேட்டில் இருக்கிற வீடுகளுக்குள் அதைக் கொண்டுபோகவும் வழியில்லை. நீ செய்வித்ததோ மடக்குக் கட்டில் மாதிரி. இரண்டு பேர் படியில் தூக்கிக்கொண்டு போய், வீட்டுக்குள்ளேயே விரித்து, சுவரில் பொருத்துகிற நாள் வரை கண்ணாடியை அதிலேயே சாய்த்து வைத்திருக்கலாம்.

“மடங்குற சாமான நம்பிக் கண்ணாடி வைக்கவா? பைத்தியமாடா ஒனக்கு?” என்றேன்.

“மனுசனும் மடங்குறவன்தானே. அவன நம்பிப் பொண்ணு குடுக்கிறல்லயா?” என்றாய். உனக்கு வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை.

விரித்த ராக்கை நிமிர்ந்து நிற்க நான்கு மூலையிலும் ஒவ்வொரு இரும்புக் கம்பி செருக வேண்டும். ஒன்று விடுபட்டாலும், பாரம் ஏறியவுடன் அந்தப் பக்கச் சட்டம் மடங்கும். கண்ணாடி அங்கே இருப்பவன்மேல் போகும். அதற்குத்தான் நீ அந்த வழக்கத்தை வைத்தாய். ஆளுக்கொரு மூலை. அவனவன் கம்பியை அவனவன்தான் செருக வேண்டும், அடுத்தவன் மூலையைத் தொடக்கூடாது. பாரத்தை வைக்கும் முன் நான் பெயர் பெயராகக் கூப்பிடுவேன். எல்லோரும் பதில் சொன்ன பிறகுதான் கண்ணாடி ஏறும். லொறி ஓட்டும் சுனில் ‘சரி’ என்பதைத் தன் சிங்களத்தில் “ஹரி” என்பார். உன் தம்பி இர்ஷாத் “ஆச்சு” என்பான். கடைசியில் நீ, பின்னால் இடது மூலையிலிருந்து, தொண்டையை ஒருதரம் செருமிவிட்டு, “ஆச்சு.” கம்பி உள்ளே போகாமல் அந்தச் சொல் உன் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை.

அக்குறணையில் உன் வீட்டில் நெஞ்சு நோகுது என்று படுத்தவன், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே போய்விட்டாய். அடக்கம் முடிந்து வந்த அன்று உன் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “மூத்தவன் போயிட்டான் மகன். இவனயாவது எனக்கு மிச்சம் வச்சுத் தாங்க. கண்ணாடி வேலைண்டாலே எனக்குப் பயமா ஈக்கு” என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். உன் இடத்துக்குப் புதிதாக ஒருவனைப் பிடித்துப் போட எனக்கு மனம் வரவில்லை. “நானாட மூலையையும் நானே பாக்குறேன் அண்ணே” என்றான் இர்ஷாத். உன்னை அவன் ‘நானா’ என்றே கூப்பிட்டுப் பழகியவன், அண்ணன் என்ற மரியாதை ஒருநாளும் குறைந்ததில்லை. நானும் சரி என்றேன்.

வத்தேகமவில் மேட்டின்மேல் ஒரு புது வீடு. கூடத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர் கேட்டிருந்தார்கள். பட்டப்பகல்தான். ஆனால் மூடுபனி இறங்கி, கதவு வைக்காத வாசலால் உள்ளே வந்து எங்களோடு நின்றது. ராக்கையை விரித்து நாங்கள் கம்பி செருகிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மா பிளேன்டீ கொண்டுவந்தார். இர்ஷாத் எழுந்து போய்க் குடித்துவிட்டு வந்து, ராக்கைக்குப் பின்னால் குந்தி ரப்பர் துண்டுகளைச் சரிசெய்தான். நானும் சுனிலும் முதல் கண்ணாடியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வந்தோம்.

“சுனில்?”

“ஹரி, ஹரி.”

“இர்ஷாத்?”

“ஆச்சு அண்ணே.”

வாய்ப் பழக்கத்தைப் பார், அடுத்து உன் பெயரையும் கூப்பிட்டுவிட்டேன். ஐயோ, அந்தப் பிள்ளைக்கு முன்னால் இப்படிச் சொல்லிவிட்டேனே என்று நான் நாக்கைக் கடிப்பதற்குள், பின்னால் இடது மூலையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“ஆச்சு.”

மச்சான், அது உன் சத்தம். சுனில் பிடித்திருந்த பக்கம் கண்ணாடி நடுங்கியது. கூடம் முழுவதும் அந்தக் கண்ணாடியில் தெரியும் என்று எனக்குத் தெரியும். அதில் எத்தனை பேர் நிற்கிறோம் என்று பார்க்கத் துணிவில்லாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

“வைக்க வேணாம் சுனில். அப்படியே திருப்புங்க” என்றேன்.

கண்ணாடியை லொறிக்கே கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்து பார்த்தேன். இடது மூலைக் கம்பி செருகப்படவில்லை. அதன் சங்கிலியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பிளேன்டீ குடிக்க எழுந்தவன் அந்த ஒன்றை மறந்தே போயிருக்கிறான். நான் கையால் லேசாகத்தான் அழுத்தினேன். சட்டம் சத்தமே இல்லாமல் மடங்கி, இர்ஷாத் குந்தியிருந்த இடத்தில் போய்ப் படுத்தது.

சுனில் லொறியில் ஏறி, முன்னால் ஒட்டியிருந்த புத்தர் படத்தைத் தொட்டுக் கும்பிட்டார். நான் இர்ஷாத்தைப் பிடித்து உலுக்கினேன். “ரெண்டாவது தரமும் நீயாடா சொன்ன?”

“நான் ஒருதரம்தான் செல்லின. மத்தது நானாட சத்தம். ஒங்களுக்கு வெளங்கல்லயா?” என்றான். அவனுக்குப் பயமே இல்லை. முகமெல்லாம் சிரிப்பு. நீ வெளிநாடு போய்த் திரும்பி வந்த மாதிரி ஒரு சந்தோஷம் அவனுக்கு.

முதலில் நான் உன்னை நினைத்து நினைத்து அழுதேன். பொய்யாக ஒரு ‘ஆச்சு’ சொல்லாதவன், உன் சத்தம் கேட்டால் என் கை நின்றுவிடும் என்று தெரிந்து, தம்பிக்காக அன்று ஒரு பொய் சொன்னாய் என்றே நம்பினேன். கோயிலுக்குப் போய் உன் பெயரில் ஒரு விளக்குக்கூட ஏற்றினேன். நீ கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாய். பிறகுதான், ஒருநாள் லொறியில் போகும்போது, வேறு எண்ணம் வந்தது. பாரத்தை வைக்கச் சொல்லித்தானே அந்தச் சொல்? நிறுத்த நினைத்தவன் ‘வேணாம்’ என்று கத்தியிருக்கலாமே. நீ ஏன் கத்தவில்லை?

போன கிழமை காலை ஸ்டோருக்குள் நுழைந்தபோது இர்ஷாத் தனியாக நின்றான். இரண்டு பக்கமும் ராக்கைகளில் கண்ணாடி சாய்ந்திருந்தது, அதற்குள் எல்லாம் அவன் உருவம். “நானா” என்று கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்தான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். தலையை ஆட்டினான்.

“இப்ப இல்ல நானா. கொஞ்சம் பொறுங்க, வாரேன்” என்றான்.

“யாரோட பேசுற?” என்று கத்தினேன்.

“ஒண்டுமில்ல அண்ணே” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

அன்றே அவனைக் கண்ணாடிப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லி, அக்குறணையில் நம் கடையில் கதவுப் பூட்டும் கைப்பிடியும் விற்க உட்கார்த்தினேன். அவன் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கோபித்தால் கோபிக்கட்டும். உம்மாவுக்கு நிம்மதி, நேற்று எனக்கு வட்டிலப்பம் செய்து அனுப்பினார். என்ன நடந்தது என்று அவருக்கு நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

வேலைக்குப் புதிதாக இரண்டு பேரை எடுத்திருக்கிறேன். உன் மூலைக்கு அவர்களை விடவில்லை. அது இப்போது என்னுடையது. கம்பியைச் செருகி, இழுத்துப் பார்த்து, நானே சத்தமாக ‘ஆச்சு’ என்கிறேன். சில நாளில் நான் அங்கே குந்தும்போது யாரோ கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விடுவது போல் இருக்கும். இன்று காலையும் அப்படித்தான் இருந்தது. பக்கத்தில் பார்க்காமலே எழுந்து வந்துவிடுகிறேன்.

நீ நல்லவன், அதை எவனிடமும் சத்தியம் செய்து சொல்வேன். ஆனால் நீ இருக்கும் இடத்தில் எவ்வளவு தனியாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவனைக் கூப்பிடாதே மச்சான். உம்மாவுக்கு மிச்சம் அவன் ஒருவன்தான். துணை இல்லாமல் முடியவே முடியாது என்றால் என் பெயரைக் கூப்பிடு. நான் பதில் சொல்கிறேன்.