லுங்கி போர்த்திய கூடை

செவ்வாய், இரவு.

விழுப்புரத்தில் மீட்ட இரண்டு நாய்களையும் மூன்று பூனைகளையும் சென்னையில் தத்துக் கொடுக்க விலங்கு மீட்பு வேலை செய்யும் ஸ்டெல்லா இன்று வேனில் கொண்டுபோனார். பத்திரிகையில் செய்தி எழுத நானும் போனேன். கூடைகளின் மேல் பழைய லுங்கிகளைப் போர்த்தியிருந்தார்.

திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். படத்துக்காக ஒரு பூனையை வெளியே எடுக்கச் சொன்னேன்.

"வழியில தொறக்கக் கூடாது சார். இருட்டுல இருந்தாத்தான் பயப்படாதுங்க."

"ஒரு நிமிஷம்மா. மொகம் தெரியாத படத்த யாரு பாக்கப்போறாங்க?"

இதையே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் ஒரு பூனையை வெளியே எடுத்தார். மூன்று முறை கிளிக் செய்தேன். அதற்குள் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. பூனை அவர் கையைக் கீறிவிட்டுக் குதித்து, மேம்பாலத்துக்கு அடியில் ஓடி மறைந்தது.

ஒரு மணி நேரம் தேடினோம். நடுவில், அந்தப் பூனைக்காகக் காத்திருந்த வீட்டிலிருந்து போன் வந்தது. "வந்துக்கினே இருக்கோம்மா" என்றார் ஸ்டெல்லா, என்னைப் பார்க்காமல். வெயிலில் மற்றவற்றுக்கு மூச்சிரைக்க ஆரம்பித்ததும் கிளம்பிவிட்டோம்.

செய்தியில், சென்னையில் தத்துப் போனவை இரண்டு நாய்கள், இரண்டு பூனைகள் என்றே எழுதி அனுப்பினேன். எண்ணிக்கையில் பிழை இல்லை.

சற்று முன் ஸ்டெல்லா போனில் பேசினார். "நாளைக்குத் திண்டிவனம் போய்த் தேடப்போறேன் சார். கடைங்கள்ல காட்டணும், அந்தப் படத்த அனுப்புங்க."

அனுப்பினேன். முகம் நன்றாகவே தெரிகிறது.