வாசலில் நிற்பவனைக் கூப்பிடவா?

உன் மடிக்கணினி சூடாக இருந்தது. நீ கண்ணை மூடி இரண்டு மாதம் ஆகிவிட்டது. அது மட்டும் திருக்கோகர்ணத்து வீட்டில் சார்ஜரைக் கழற்றாமல் அப்படியே கிடக்கிறது. இன்று காலை உன் அம்மா போன் செய்து, "ஆத்தா, இதுல அவ என்னமோ பாதியில வச்சிட்டுப் போயிருக்கா. ஆஃப் பண்ணுனா அழிஞ்சிருமோன்னு பயமா இருக்கு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறியா?" என்றார். அறந்தாங்கியில் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

திரையில் நம் ரத்தக்காட்டேரிதான். ஒரு வீட்டு வாசலில், மழையில் நிற்கிறான். கீழே இரண்டு பொத்தான்கள்: உள்ளே அழை, கதவைச் சாத்து. நீ இரண்டையும் தொடவில்லை.

இவனை நாம் முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியில். உடம்பில் ரத்தம் ஊறாத நோய் உனக்கு. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்றியாக வேண்டும், ஒரு பை இறங்க மூன்று மணி நேரம் ஆகும். துணைக்கு நான் வருவேன். ஆளுக்கு ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அந்த ஜப்பானிய அனிமே தொடரைப் பார்ப்போம். பள்ளி மாணவி ஒருத்தி, அவளைக் காதலிக்கும் ரத்தக்காட்டேரி ஒருவன். நான் உருகுவேன், நீ நக்கலடிப்பாய். "முன்னூறு வருசமா ஸ்கூலுக்குப் போறான், இன்னும் பிளஸ் டூ முடிக்கலடி." தலைக்கு மேல் தொங்கும் பையைக் காட்டி, "பாவம், அவன் கடிச்சுக் குடிக்கணும். எனக்குப் பாரு, கொண்டாந்து மாட்டிவிடுறாங்க" என்பாய். வீட்டுக்குப் போனால் ரத்தம் ஊறட்டும் என்று உன் அம்மா ஆட்டு மண்ணீரலை, அதுதான் சுவரொட்டியை, வறுத்து வைத்திருப்பார். முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒன்றுவிடாமல் தின்பாய்.

அழைக்காமல் அவனால் எந்த வீட்டுக்குள்ளும் கால் வைக்க முடியாது. அவள் அழைத்தால் அவளையும் தன் இனத்தில் சேர்த்துக்கொள்வான், பிறகு அவளுக்குச் சாவே கிடையாது. தொடரின் கடைசி அத்தியாயத்தில் அவனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, அதோடு முடித்துவிட்டார்கள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். நீதான் அதன் மூலத்தைத் தேடிப் பிடித்தாய். அது ஒரு கேம். நாவல் போலப் படித்துக்கொண்டே போக வேண்டும், அங்கங்கே நாம் எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்கேற்பக் கதை திரும்பும்.

"என்னடி அமுக்குனே?" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன். "இன்னும் அங்கிட்டுப் போகலடி" என்பாய். பொய். எந்தக் கதையானாலும் முடிவை இணையத்தில் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கே வருவாய். இரண்டு முடிவும் உனக்குத் தெரிந்திருக்கும். சாகாமல் இருக்க ஒரு பொத்தான், கதையில்தான் என்றாலும், அதை நீ ஏன் அமுக்காமல் விட்டாய்? உன் இடத்தில் நான் இருந்தால் யோசித்தே இருக்க மாட்டேன்.

உன் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "என்னத்தா கேக்குது இது?"

"ஒரு பையன் வாசல்ல நிக்கிறாம்மா. உள்ள கூப்பிடவா வேண்டாமான்னு கேக்குது."

"நனைஞ்சுக்கிட்டுல்ல நிக்கிறான்! வாசலுக்கு வந்தவனை வாங்கன்னு சொல்றதுக்கு என்ன யோசனை? கூப்புடு."

சிரித்துவிட்டேன். அமுக்கினேன்.

ஆங்கிலத்தில் வரிவரியாக ஓடியது. அவன் உள்ளே வந்தான். அவளுக்கு இனிச் சாவில்லை. ஆனால் அதே நொடியில், பெற்றவளின் நினைவிலிருந்து அவள் போய்விட்டாள். அடுத்த காட்சியில் அந்தத் தாய் ஒரே ஒரு தட்டை எடுத்து வைத்துச் சாப்பிட உட்காருகிறாள். தனக்கு மகள் ஒருத்தி இருந்ததே அவளுக்குத் தெரியாது.

இங்கிலீஷ் தெரியாத உன் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் புள்ளைக்கு என்னாச்சு?"

"சாகலம்மா. இனிமே சாகவே மாட்டா."

"நல்லாருக்கட்டும்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு, "அப்ப இவ ஏன்த்தா அமுக்காம வச்சிருந்தா?" என்று கேட்டார்.

"தெரியலம்மா" என்றேன்.

கேமைச் சேமிக்காமல் பழைய திரைக்கே திரும்பி, அவனை மறுபடி மழையில் நிறுத்திவிட்டுக் கிளம்பினேன். அடுத்த ஞாயிறும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அம்மா உன்னை மறந்துபோவதை நீ ஒரு விளையாட்டில்கூட விரும்பவில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்லப்போகிறேனோ தெரியவில்லையடி, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.