தளம் இடம் மாறாது

கணபதி, கோவை

அன்பு மகன் ரியாஸுக்கு அத்தா மின்னஞ்சலில் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் அப்படியே இருக்க துஆ செய்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து இப்போது மாடி ஏறிப்போய்த் துணி காயப்போடுகிறாள், சொன்னாலும் கேட்பதில்லை.

சங்கதிக்கு வருகிறேன். போன சனிக்கிழமை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நம் கணக்குப் பாட இணையதளத்தை வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளிலிருந்து, நீ சிபாரிசு செய்யும் மாதக் கட்டண நிறுவனத்துக்கு மாற்றுகிறேன் என்று அரைநாள் மூடிவைத்தாய். படிப்பைப் பாதியில் விட்ட பெண்கள் தனித்தேர்வர்களாகப் பத்தாம் வகுப்பு எழுத, ஆசிரியர் பணி ஓய்வுக்குப் பிறகு நான் நடத்தும் தளம் அது, தேர்வோ அடுத்த வாரம். பல்லடத்தில் தறி ஓட்டும் நாச்சியம்மாள் மத்தியானச் சோற்று நேரத்தில் போன் செய்து, ஏனுங்க சார், பள்ளிக்கூடத்தப் பூட்டிப்போட்டீங்களா, ஒரு வார்த்த சொல்லலீங்களே என்றார். நகல் எடுத்து வைத்திருந்ததால் மாலைக்குள் மீட்டேன்.

நான் கோபத்தில் முடிவெடுக்கிறவன் அல்ல. மூன்று வகுப்புக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்துப் பார்த்தால் எது எப்படி என்று தெரிந்துவிடும். பழைய போனில் வர்க்கமூலக் குறி திரைக்கு வெளியே ஓடிவிடுகிறது, என்ன செய்யலாம் என்று மூன்று இடங்களில் கேட்டேன். அந்த மாதக் கட்டண நிறுவனத்தில் ஓர் இயந்திரம், உங்கள் கேள்வி பதிவாகிவிட்டது என்று மரியாதையாகச் சொன்னது, இன்றும் அதையே சொல்கிறது. உன் நண்பர்கள் மெச்சும் இன்னொரு மென்பொருள் வலுவானதுதான், மறுக்கவில்லை, ஆனால் அதன் இணைய மன்றத்தில் ஒருவர், இதைக்கூடத் தேடிப் பார்க்காமல் வந்தீர்களா என்று தலையில் குட்டினார். வேர்ட்பிரஸ் மன்றத்திலோ இரண்டு பேர் முதலில் தங்களுக்குள் சண்டை போட்டார்கள், ஒருவர் சொன்ன நீட்சியை, அதாவது கூடுதலாகச் சேர்க்கும் துணை நிரலை, மற்றவர் குப்பை என்றார், அந்தச் சண்டைக்கு நடுவிலேயே போன்ல எப்படித் தெரியுதுன்னு ஒரு படம் அனுப்புங்க சார் என்று வாங்கிச் சரியும் செய்துவிட்டார்கள். சரவணம்பட்டியில் நடக்கும் அவர்களுடைய மாதக் கூட்டத்துக்கும் போனேன். வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கு அத்தா இந்த வேலை என்று நீ கேட்டாயே, அங்கே ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை.

நீ சொன்ன குறையெல்லாம் உண்மைதான். தளம் மெதுவாகத் திறக்கிறது, முகப்பு அழகில்லை, நீட்சிகளை அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. இருக்கட்டும், மாற்ற மாட்டேன். கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் நாச்சியம்மாளை உட்காரவைக்க எனக்கு மனமில்லை.

ஆகையால் உன் நிர்வாகி உரிமையை நேற்று எடுத்துவிட்டேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே கண்ணு, வெளியே தள்ளவில்லை, பங்களிப்பாளராக வைத்திருக்கிறேன். நிகழ்தகவுப் பாடம் எழுதித் தருவதாகச் சொன்னாயே, எழுதி ஏற்று. பதிப்பாசிரியர் உன் அம்மா, அவள் படித்துச் சரியென்றால்தான் வெளிவரும். ஒற்றுப்பிழை இருந்தால் பெற்ற பிள்ளை என்றும் பார்க்க மாட்டாள்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. பாடம் வியாழனுக்குள் வர வேண்டும், உனக்காகத் தேர்வைத் தள்ளிவைக்க மாட்டார்கள்.

உன் அத்தா
பீர் முகம்மது