வேனில் வந்த சேலை

விளாங்குடி
17 டிசம்பர் 2024

பாண்டி,

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ போனை எடுக்கவில்லை. அதனால் இது. பல்கலைக்கழக விடுதியில் நமக்குள் பேச்சு நின்றால் தலையணைக்கடியில் துண்டுச்சீட்டு வைப்போமே, அதே பழக்கம்தான்.

எங்கள் சபையிலிருந்து உனக்குச் சேலை வந்ததே, அதைப் பற்றி. மாதர் சங்கத்தோடு நானும் விளக்குத்தூண் ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். கிறிஸ்துமஸ் கூட்டம். நடக்கவில்லை, தள்ளப்பட்டோம். ஆலிஸ் ஆன்ட்டி கடைக்காரரிடம், "அண்ணே, எல்லாம் ஒரே கலர்ல குடுங்க. அப்பத்தான் சண்டை வராது" என்றார். சந்தன நிறம் எடுத்தோம். கணவரை இழந்தவர்களுக்குக் கொடுக்க. பெயர் கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னேன். அசோக் இல்லாத முதல் டிசம்பர். யாராவது உன் வாசலில் பாடட்டும், ஜெபிக்கட்டும் என்று நினைத்தேன்.

நீ சிரித்தபடி வாங்கிக்கொண்டாய் என்றார் ஆன்ட்டி. போட்டோவும் பார்த்தேன். சிரிக்கத்தான் செய்கிறாய். பிறகு ஏன்?

அன்புடன்,
ஜெசி

*

சமயநல்லூர்
19 டிசம்பர்

ஜெசிந்தா,

நலம். உன் வீட்டில் அனைவரும் நலமா?

வேன் தெருமுனையில் நின்றது. கிட்டாரோடு இறங்கியவர் சத்தமாகக் கேட்டார்: "இங்க விதவை வீடு எதுங்க?" தெருவே என் வீட்டைக் காட்டியது. எதிர்வீட்டு ராமக்காள், "எங்க வீட்டு மனுசன் கல்லு மாதிரி உக்காந்திருக்காரு. இல்லைன்னா எனக்கும் ஒண்ணு கெடைச்சிருக்கும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும். போட்டோவில் இருப்பது அந்தச் சிரிப்பு.

உங்கள் ஆட்கள் நல்லவர்கள். ஒரு பெரியவர் கண்ணை மூடி, அசோக்குமார் என்று பெயர் சொல்லி ஜெபித்தார். அவர் இறந்த ஏப்ரலுக்குப் பிறகு என் வீட்டில் யாரும் அந்தப் பெயரை உரக்கச் சொன்னதில்லை. அதற்கு மட்டும் அழுதேன்.

எனக்குச் சம்பளம் வருகிறது, ஜெசிந்தா. எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். மறுநாள் வகுப்பில் ஒரு பிள்ளை, "டீச்சர், எங்க அம்மாச்சிக்கும் அதே சேலைதான்" என்றது. சந்தோஷமாகத்தான் சொன்னது.

கிறிஸ்துமஸுக்கு உன் பலகாரத் தட்டு வரும். பொங்கலுக்கு என் தட்டு போகும். கல்யாணத்துக்குப் பிறகும் அது நின்றதில்லை. இந்த முறை அதற்குப் பதில் வேன். தட்டு என்றால் எதையாவது வைத்துத் திருப்பி அனுப்புவேன். வேனில் எதை வைத்து அனுப்ப?

பாண்டீஸ்வரி

*

விளாங்குடி
21 டிசம்பர்

பாண்டி,

போட்டோவைச் சபையின் வாட்ஸப் குழுவிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். எடுத்துவிட்டார்கள். ஆன்ட்டிக்கு வருத்தம். "நல்லது செய்யப்போயி இப்படியா?" என்றார்.

தட்டைப் பற்றி. துக்க வீட்டில் ஒரு வருஷம் பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டீர்கள். நான் தட்டு அனுப்பினால் பொங்கலுக்கு நீ வெறும் தட்டைத் திருப்ப வேண்டிவரும், கூசுவாய் என்று நிறுத்தினேன். நிறுத்திய இடம் காலியாக இருந்தது. அதில் சேலையை வைத்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தோன்றவில்லை. கொடுக்கிற கைக்குக் கேட்கத் தோன்றாது போலிருக்கிறது.

இருபத்தைந்தாம் தேதி வரலாமா? வேண்டாம் என்றால் எழுது. எழுதாவிட்டால் வருவேன்.

ஜெசி

*

சமயநல்லூர்
27 டிசம்பர்

ஜெசி,

வராதே என்று எழுதி ஒட்டியும் வைத்திருந்தேன். தபாலில் போடவில்லை. சோம்பல். வேறு அர்த்தம் தேடாதே.

ஆராதனை முடித்து, பட்டுப்புடவையோடு வாசலில் நின்றாய். கையில் ஒன்றுமில்லை. "பாண்டி, காலையிலேருந்து சாப்பிடலடி. சோறு இருக்கா?" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. பண்டிகை நாளில் உன் வீட்டில் பிரியாணி. இங்கே பழைய சோறும் கருவாடும்.

"அம்புட்டுத்தான் இருக்கு" என்றேன்.

"அம்புட்டையும் போடு" என்றாய்.

அந்தச் சேலை பீரோவில் இருக்கிறது. உடுத்துவேனா தெரியாது. ராமக்காளுக்குக் கொடுக்கலாம் என்றால், அவள் வீட்டு மனுசன் பயப்படுவார்.

நீ மறுசோறு கேட்டாய். சட்டியில் இல்லை. என் தட்டிலிருந்து அள்ளி வைத்தேன். மன்னிப்பைப் பற்றி இருவருமே பேசவில்லை. நீ பஸ் ஏறிய பிறகு பாத்திரம் கழுவும்போதுதான் தோன்றியது. அசோக் போனதிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த எல்லோரும் எதையாவது கொடுத்துவிட்டுப் போனார்கள். பழம், பணம், புத்திமதி. என்னிடம் ஒன்றைக் கேட்டு வந்தவள் நீ ஒருத்திதான்.

பாண்டி