தொட்டி உயரவில்லை

செப்டம்பர் 9

மறுபடி அதே கூத்து. தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் தரையில் அடித்த அளவு ஆணி முப்பத்தோரு மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறதாம்! முந்நூறு மீட்டர் ஆழத்தில் இயந்திரம் நிலக்கரியைச் சீவிக்கொண்டே போகிறது. சீவிய இடத்தில் கூரையை விழ விடுகிறார்கள். மேலே நிலம் இறங்கும். எவ்வளவு என்று வாராவாரம் அளப்பதுதான் என் பிழைப்பு. இதில் உயர்வது எங்கிருந்து வந்தது? 'மழையில் மண் உப்பியிருக்கலாம்' என்று போன மாதம் எழுதியதையே இன்றும் எழுதினேன்.

பள்ளிக்கூட ஆணி: பதினாறு இறக்கம். இருபதைத் தாண்டினால் நிலக்கரி வெட்டை நிறுத்தியாக வேண்டும். தாண்டவில்லை.

செப்டம்பர் 11

அக்கா அந்தப் பள்ளியில்தான் மூன்றாம் வகுப்பு டீச்சர். "வகுப்புக் கதவு மூடவே மாட்டேங்குதுடி. தச்சர் ரெண்டு தடவை சீவிட்டார். உன் பதினாறை அந்தக் கதவுகிட்ட வந்து சொல்லு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

செப்டம்பர் 12

தொட்டி உயரவில்லை. பாலத்துக் கல் இறங்குகிறது!

பல் தேய்க்கும்போது உறைத்தது. எல்லா அளவையும் பாலத்தோரக் கல்லிலிருந்துதான் எடுக்கிறேன். அதுவே இறங்கினால், அசையாமல் நிற்பது உயர்ந்ததாகத் தெரியும். பள்ளிக்கூடம் இறங்குவதும் அவ்வளவு குறைவாகத் தெரியும். பழைய வெட்டு நடந்தபோது அந்தக் கல் எட்டத்தில் இருந்தது. ஜூனில் புது வெட்டு இந்தப் பக்கம் வந்தது. கல்லை மாற்றினேனா? இல்லை. பழக்க தோஷம். பாறையில் அடித்த, அசையாத ஆதாரக் குறி மூன்று கிலோமீட்டர் தள்ளி, குன்றின்மேல். போய்வர ஒரு நாள் ஆகும். சோம்பல். யாரும் சொல்லிச் செய்யவில்லை. நானேதான். அட அறிவுகெட்டவளே.

செப்டம்பர் 13

குன்றிலிருந்து அளக்க அனுமதி கேட்டேன். "எதுக்கு? ரிப்போர்ட் நல்லாத்தானே வருது" என்றார் சுரங்க மேனேஜர்.

அதுதான் சார் வியாதியே, என்றேன். அனுமதி இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

அனுமதி யாருக்கு வேண்டும்? குச்சி அண்ணனைக் கூப்பிட்டேன். அளவுகோலைப் பிடித்து நிற்பவர், ஆளும் அதே அகலம். "லீவு நாள்லயும் வெயில்ல காயணும்னு தலையெழுத்து" என்று முனகிக்கொண்டே வந்தார். பாறையிலிருந்து பாலம், பாலத்திலிருந்து திரும்பப் பாறை. பிழை இரண்டே மில்லிமீட்டர். கல் முப்பத்து நாலு இறங்கியிருக்கிறது.

பதினாறும் முப்பத்து நாலும் ஐம்பது. நாலு தடவை கூட்டினேன். ஐம்பதுதான்.

அண்ணன் நோட்டை எட்டிப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துக்கா?" என்று மட்டும் கேட்டார்.

செப்டம்பர் 15

"இதை வெளியே விட்டா மாட்டப்போறது நீதாம்மா. பன்னிரண்டு ரிப்போர்ட்லயும் உன் கையெழுத்து. மாசக் கடைசி வரைக்கும் பொறு, அதுக்குள்ள வெட்டு பள்ளிக்கூடத்தைத் தாண்டிடும்" என்றார் மேனேஜர்.

தாண்டிடுமாம்! தாண்டும்போது உள்ளே யார் உட்கார்ந்திருப்பாங்க சார்னு கேட்டேன். உணர்ச்சிவசப்படாதேங்கறார். படுவேன். நல்லாவே படுவேன். மிரட்டுறதுக்கு ஆளைப் பாரு! மாட்டினா மாட்டிட்டுப் போறேன்.

மாலை நாலரைக்குச் சுரங்கப் பாதுகாப்பு அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். முதல் வரி: 'பன்னிரண்டு அறிக்கைகளும் தவறு. தவறு செய்தவள் நான்.' இரண்டாவது வரி: ஐம்பது. ஒரு நகல் தலைமையாசிரியருக்கு. அனுப்பியாயிற்று.

செப்டம்பர் 16

சஸ்பெண்ட். கருவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நோட்டையும் கேட்டார்கள். அதிகாரி கேட்டால் அவர் கையில் தருவேன், உங்களுக்குக் கிடையாது என்றேன்.

செப்டம்பர் 18

அதிகாரி தன் ஆட்களோடு வந்து பாறையிலிருந்து அளந்தார். ஐம்பத்தேழு. வெட்டு நின்றது.

எனக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது. "மூணு மாசமா எப்படிம்மா கவனிக்கலை?" என்றார். சோம்பல் சார் என்றேன். பின்னே என்ன சொல்வது? ஆனால் அடுத்ததையும் சொன்னேன்: இயந்திரம் நின்றாலும் நிலம் உடனே நிற்காது, இன்னும் சில வாரம் இறங்கும், பிள்ளைகளை இன்றே வெளியேற்றுங்கள். அவர் தலைமையாசிரியருக்குப் போன் போடும்வரை நான் நகரவில்லை.

செப்டம்பர் 22

வகுப்புகள் ஊர் நூலகக் கூடத்துக்கு மாறிவிட்டன. "மூணாவதும் நாலாவதும் முதுகோட முதுகு ஒட்டி உட்கார்ந்திருக்கு. என் தொண்டை போச்சு. நல்ல வேலை பண்ணினே போ" என்கிறாள் அக்கா. திட்டட்டும்.

அக்டோபர் 1

விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம். வருகிறேன். நோட்டோடு வருகிறேன்.

அக்டோபர் 7

காலை ஒன்பதரைக்கு அக்கா போன் செய்தாள். மூன்றாம் வகுப்பு அறையின் மேற்குச் சுவர் சற்று முன் சரிந்துவிட்டதாம். பெஞ்சு வரிசைமேல்.

பிறகு, "இரு, பாதியில விட்டுட்டேன்" என்று போனை நூலகக் கூடத்து மேஜைமேல் வைத்தாள், வைத்தபடியே வருகைப் பதிவேட்டுப் பெயர்களை மறுபடி முதலிலிருந்து கூப்பிட ஆரம்பித்தாள். கேட்டுக்கொண்டே இருந்தேன். முப்பத்தெட்டு 'உள்ளேன் டீச்சர்.'